கெண்டைக்கு எந்தத் தூண்டில்? தக்கையா, ஸ்பிரிங்கா, ஒற்றை முள்ளா?

புதிதாகத் தூண்டில் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: “கெண்டைக்கு என்ன இரை போடணும்?” பதில் சொல்லும் முன் நான் ஒன்று கேட்பேன். உங்கள் ஏரியில் இருப்பது எந்தக் கெண்டை? கட்லாவா, ரோகுவா, மிர்காலா, சாதாக்கெண்டையா? இது தெரியாமல் கம்பும் இரையும் வாங்கினால் பாதிப் பணம் வீண். எல்லாவற்றையும் கெண்டை என்று ஒரே பேரில் கூப்பிடுகிறோமே தவிர, ஒரே ஏரிக்குள் இவை வேறு வேறு மாடியில் குடியிருக்கிற மீன்கள்.

அடுத்த முறை மீன் கடைக்குப் போகும்போது வாயை மட்டும் உற்றுப் பாருங்கள். கட்லாவின் கீழ்த்தாடை மேல்நோக்கித் தூக்கி நிற்கும். மீசை கிடையாது. மேல்தண்ணீரில் மிதக்கிற நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும் வாய் அது. ரோகுவின் வாய் சற்றுக் கீழ்நோக்கி இருக்கும். உதட்டோரம் சின்ன ஜாலர் வைத்துத் தைத்த மாதிரி தெரியும். அது நடுத்தண்ணீர் மீன். மிர்கால் தரையை மேயும். சாதாக்கெண்டைக்கு நான்கு மீசை. வாயைக் குழாய் போல முன்னால் நீட்டிச் சேற்றோடு உறிஞ்சும், தின்னக்கூடியதை வைத்துக்கொண்டு மீதியைத் துப்பிவிடும். கண்ணாடிக் கெண்டை என்பதும் இதே சாதாக்கெண்டைதான். உடம்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய செதில் இருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் ஏரியில் எது இருக்கிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் தேங்கிய தண்ணீரில் தானாகக் குஞ்சு பொரிப்பதில்லை. வெள்ளம் ஓடுகிற ஆறு வேண்டும். 1957இல் ஒடிசாவில் மீன் ஆராய்ச்சியாளர் ஹீராலால் சவுத்ரி பிட்யூட்டரி சுரப்பிச் சாறு ஊசி போட்டு இந்த இனக் கெண்டைகளை முட்டையிட வைக்கும் வழியைக் காட்டிய பிறகுதான் பண்ணைக் குஞ்சுகள் நாடெங்கும் ஏரிகளுக்குப் போகத் தொடங்கின. ஆக, ஏரியில் கட்லா இருந்தால் அதை யாரோ விட்டிருக்கிறார்கள். குத்தகைக்காரரிடம் கேட்டால் என்ன குஞ்சு, எந்த மாதம், எவ்வளவு விட்டார் என்று சொல்லிவிடுவார். எப்படியும் அவரிடமோ மீன்வளத்துறையிடமோ அனுமதி கேட்டுத்தான் தூண்டில் போட வேண்டும். இரண்டு வேலையும் ஒரே பேச்சில் முடிந்துவிடும். சாதாக்கெண்டை மட்டும் விதிவிலக்கு. பாசியிலும் நீர்ச்செடியிலும் முட்டையை ஒட்டிவிட்டு ஏரியிலேயே பெருகும்.

சரி, இப்போது தூண்டிலுக்கு வருவோம். நம் பக்கத்தில் கெண்டைக்குப் போடுகிற முறைகள் மூன்று: தக்கை கட்டிய தூண்டில், பல முள் ஸ்பிரிங், தரையில் கிடக்கும் ஒற்றை முள்.

தக்கைத் தூண்டில் எல்லோரும் தொடங்குகிற இடம். மூங்கில் கழி, தங்கூசி என்கிற நைலான் நூல், மயில் இறகுத் தண்டிலோ நெட்டியிலோ ஒரு தக்கை, கடுகளவு ஈயம், ஒரு முள். ரீல் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிக் கோடையில் வற்றுகிற ஏரிகளில் மீன் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் பிடிபட்டுவிடும். அரைக் கிலோ, ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரை. அந்த அளவுக்கு இதைவிட நல்ல தூண்டில் எனக்குத் தெரியாது. ஆழத்தை விரலளவு துல்லியமாக மாற்றலாம் என்பதுதான் இதன் பலம். முள்ளில் ஒரு கனமான ஈயத்தைத் தற்காலிகமாகக் கோத்து இறக்கிப் பாருங்கள். தக்கை முங்கினால் ஆழம் போதவில்லை, படுத்துக் கிடந்தால் கூடிவிட்டது. தரை தெரிந்ததும் மிர்காலுக்கு இரை தரையைத் தொடும்படி வையுங்கள். ரோகுவுக்கு ஒரு சாண் மேலே தூக்குங்கள்.

தக்கை பேசும் மொழியைக் கற்றுக்கொள்ள ஒரு பருவம் போதும். ஜிலேபி மீன் (திலாப்பியா) என்றால் தக்கை தத்தித் தத்தி ஆடும், நிற்காது. ரோகு முதலில் இரண்டு தடவை லேசாக நடுங்க வைக்கும், அப்புறம் ஒரு நிமிஷம் ஒன்றுமே இருக்காது. கை பரபரக்கும், இழுத்துவிடாதீர்கள். அடுத்து தக்கை சாய்ந்து, தண்ணீருக்கு அடியில் வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் போகும். அப்போதுதான் மணிக்கட்டை மட்டும் சொடுக்க வேண்டும். மிர்காலும் சாதாக்கெண்டையும் சில நேரம் தக்கையை மேலே தூக்கிப் படுக்க வைக்கும். தரையிலிருந்த இரையை ஈயத்தோடு வாயில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டது என்று பொருள். அதற்கும் உடனே சொடுக்கலாம்.

குறை என்ன? கழியில் நூல் இருப்பு கிடையாது. மூன்று கிலோ மீன் ஏரி நடுவை நோக்கி ஓடினால் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. தங்கூசி அறும், இல்லையென்றால் முள் நிமிரும். காற்று அடித்தால் தக்கை நகர்ந்து இரையும் நகரும். கரையிலிருந்து பதினைந்து அடிக்கு மேல் எட்டாது. பெரிய மீன் இருக்கும் தண்ணீருக்கு இது ஆகாது.

அடுத்தது ஸ்பிரிங். ஏரிக்கரையில் பாதிப் பேர் கையில் இன்று இதுதான் இருக்கிறது. எலுமிச்சை அளவு கம்பிச் சுருளைச் சுற்றி மாவைப் பிடித்து அமுக்கி, அதிலிருந்து தொங்குகிற நான்கு, ஆறு, எட்டு முட்களை மாவுக்குள் புதைத்து வீசுகிறார்கள். மாவு தண்ணீரில் கரைந்து மேகம் போலப் பரவும். மீன் வந்து அந்த மேகத்தை உறிஞ்சும்போது ஏதாவது ஒரு முள் உள்ளே போகும்.

கட்லாவுக்கு இது ஏன் பலிக்கிறது என்பதற்குக் காரணம் அதன் வாயில்தான் இருக்கிறது. கட்லா ஒரு உருண்டையைத் தேடி எடுத்துத் தின்னும் மீன் அல்ல. தண்ணீரோடு சேர்த்து இழுத்து வடிகட்டும் மீன். மக்காச்சோளத்தைத் தரையில் போட்டுக் கட்லாவுக்குக் காத்திருப்பவர் நாள் முழுக்கக் காத்திருக்கலாம். அதே இடத்தில் தக்கைக்குக் கீழே நான்கைந்து அடி ஆழத்தில் கரைகிற மாவைத் தொங்கவிட்டால் கட்லா தேடி வரும். இந்த ஒரு மீனுக்கு ஸ்பிரிங்கை நான் மறுக்க மாட்டேன்.

மற்றபடி எனக்கு இதில் வருத்தம் உண்டு. சில வருஷம் நானும் ஆறு முள் ஸ்பிரிங்தான் போட்டேன். ஒரு மாலை, முக்கால் கிலோ ரோகு ஒன்று வந்தது. ஒரு முள் உதட்டில், இன்னொன்று செவுளில், மூன்றாவது கண்ணுக்குக் கீழே. உதட்டில் மாட்டிய மீன் உதறும்போது மீதி முட்கள் உடம்பில் ஏறிவிடுகின்றன. அதற்கு முன் ஒரு பொடி மீன், விரல் நீளம்கூட இல்லை, வயிற்றில் குத்துப்பட்டு வந்திருந்தது. குழம்புக்குப் போகிற மீன் என்றால்கூட அப்படிச் சாக வேண்டாம். திருப்பி விட வேண்டிய சின்ன மீன் என்றால் அது பிழைக்கவே பிழைக்காது. அன்றிலிருந்து கட்லாவுக்கும் இரண்டு முள்தான் வைக்கிறேன். பிடிபடும் மீன் அவ்வளவாகக் குறைந்துவிடவில்லை. வலையில் ஆறு முள் சிக்கிப் பின்னிக்கொள்வதும், மீனைக் கழற்றும்போது கையில் ஏறுவதும் அடியோடு நின்றுவிட்டன.

மூன்றாவது, ஒற்றை முள். பெரிய சாதாக்கெண்டைக்கும் மிர்காலுக்கும் நான் துணிந்து சொல்வது இதைத்தான். இதில் இரை முள்ளில் குத்தப்படுவதில்லை. முள்ளிலிருந்து தொங்கும் ஒரு மெல்லிய நூலில் கோக்கப்படும். 1980 வாக்கில் இங்கிலாந்தில் லென்னி மிடில்டன், கெவின் மேடாக்ஸ் என்ற இருவர் கொண்டுவந்த உத்தி இது. சாதாக்கெண்டை எல்லா இரையையும் முதலில் உறிஞ்சிப் பார்க்கும், சந்தேகம் வந்தால் துப்பும். முள்ளுக்குள் திணித்த இரை விறைப்பாக இருப்பது அதற்குத் தெரிந்துவிடும். தனியே தொங்குகிற இரையை அது தயங்காமல் உறிஞ்சும், பின்னாலேயே வெறும் முள்ளும் போகும். துப்பும்போது முள் கீழுதட்டில் பிடித்துக்கொள்ளும். முதலில் நிஜத் தலைமுடியில்தான் இரையைக் கட்டினார்கள். அதனால் இன்றும் அதற்கு ‘ஹேர் ரிக்’ என்றுதான் பெயர்.

இதற்கென்று விற்கிற ஊசியும், இரை கழலாமல் செருகுகிற தடையும் வாங்க வேண்டியதில்லை. மெல்லிய குரோஷா ஊசியில் இரண்டு வெந்த மக்காச்சோள மணிகளைக் கோத்துக்கொள்ளுங்கள். ஊசிக் கொக்கியில் நூலின் முனைக் கண்ணியை மாட்டி, மணிகளை ஊசியிலிருந்து நூலுக்குத் தள்ளுங்கள். கண்ணிக்குள் அரை சென்டிமீட்டர் ஈர்க்குச்சித் துண்டைச் செருகிவிட்டால் மணி கழன்று வராது. மணிக்கும் முள்ளின் வளைவுக்கும் நடுவே ஒரு அரிசி நீளம் இடைவெளி இருக்கட்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் முள் திரும்பாது. ரொம்பத் தொங்கினால் மீன் இரையை மட்டும் நுனிவாயில் பிடித்து விட்டுவிடும்.

ஈயம் 50 முதல் 70 கிராம் வரை. முள்ளுக்கும் ஈயத்துக்கும் நடுவே ஒரு சாண் நூல் போதும். மீன் இரையோடு தலையைத் தூக்கும்போது ஈயத்தின் கனத்தில் முள் தானே குத்தும். பயந்து ஓடும்போது நன்றாக ஏறும். நீங்கள் சொடுக்கக்கூட வேண்டாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. ஈயத்தை உறுதியாக முடிச்சுப் போட்டுவிட்டால், தங்கூசி அறுந்த மீன் வாழ்நாள் முழுக்க அந்தக் கனத்தை இழுத்துக்கொண்டு திரியும், செடியில் சிக்கிச் சாகும். ஈயத்தை மட்டும் தனியாக ஒரு மெல்லிய நூலில் கட்டுங்கள். சிக்கினால் அது முதலில் அறுந்து மீன் தப்பட்டும்.

இந்த முறைக்கு ரீல் இல்லாமல் முடியாது. 0.30 அல்லது 0.35 மில்லிமீட்டர் தங்கூசி, ஒன்பதடிக்குக் குறையாத ராடு, டிராக் (மீன் இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கும் அமைப்பு) சரியாக வேலை செய்கிற ஒரு ரீல். எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ஆகும். பணம் குறைவென்றால் ராடில் மிச்சம் பிடியுங்கள், ரீலில் வேண்டாம். டிராக்கை முழுக்க இறுக்கி ராடைக் கரையில் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனது நான் செய்த பெரிய தப்பு. ஒரு மலை ஏரியில் நடந்தது. திரும்பி வரும்போது ராடு தண்ணீரில் ஒரு படகு மாதிரி போய்க்கொண்டிருந்தது. பிறகு கிடைக்கவேயில்லை. பணம் போனது ஒருபுறம். மீன் அத்தனை நூலோடு போனதுதான் இன்றும் உறுத்துகிறது. ராடை வைத்துவிட்டால் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள், கை எட்டும் தூரத்தில் உட்காருங்கள்.

இரைகளில் மாவைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு நடப்பது பெரும்பாலும் அங்கேதான். எல்லோரும் என்ன வாசனை என்று கேட்கிறார்கள். யாரும் பதம் என்ன என்று கேட்பதில்லை. தக்கைக்கு வேண்டிய மாவும் ஸ்பிரிங்குக்கு வேண்டிய மாவும் நேர் எதிர். நான் எடுப்பது கடலைப் புண்ணாக்குத் தூள் இரண்டு பங்கு, வறுத்த தவிடு ஒரு பங்கு, மைதா ஒரு பங்கு, கையளவு பொட்டுக்கடலை மாவு, கொஞ்சம் வெல்லம். தக்கைக்கு என்றால் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துச் சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி மூடி அரை மணி நேரம் வைப்பேன். கட்டை விரலால் அமுக்கினால் குழி விழ வேண்டும், ஓரம் வெடிக்கக் கூடாது, கையில் ஒட்டக் கூடாது. ஸ்பிரிங்குக்கு மைதாவைப் பாதிக்கு மேல் குறைத்துத் தவிட்டைக் கூட்டுவேன். புட்டு மாவு மாதிரி, பிடித்தால் பிடிபட வேண்டும், உதறினால் உதிர வேண்டும். கிளம்பும் முன் ஒரு உருண்டையை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிடுங்கள். தக்கை மாவு கால் மணி நேரம் கழித்தும் உருண்டையாக இருக்க வேண்டும். ஸ்பிரிங் மாவு ஐந்து நிமிஷத்தில் புகையத் தொடங்கி, கால் மணிக்குள் முழுக்கச் சரிய வேண்டும். இந்த வாளிச் சோதனை ஏலக்காயையும் வனிலா எசன்சையும்விடப் பத்து மடங்கு உதவும்.

வாசனை வேண்டாம் என்று சொல்லவில்லை. வங்காளத்துத் தூண்டில்காரர்கள் ரோகுவுக்கும் கட்லாவுக்கும் கச்சோலக் கிழங்கை வறுத்துப் பொடித்துப் போடுவார்கள், புளித்த கடுகுப் புண்ணாக்கும் செவ்வெறும்பு முட்டையும் சேர்ப்பார்கள். கச்சோலம் நம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். ஆனால் பெட்ரோல் பிடித்த கையோடு பிசைந்தால் எந்த வாசனையும் காப்பாற்றாது.

மக்காச்சோளமும் கொண்டைக்கடலையும் ஒற்றை முள்ளுக்கு. ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, நகம் இறங்கும் பதத்துக்கு வேகவைத்து, வெந்த தண்ணீரிலேயே இன்னொரு நாள் விட்டால் லேசாகப் புளித்துச் சர்க்கரை வாடை வரும். வேகாத தானியத்தை ஏரியில் கொட்டவே கூடாது. அது மீனின் குடலுக்குள் போய் உப்பும். கடையில் விற்கிற டப்பா சோளம் மென்மையாக இருக்கும், ஜிலேபி உடனே உருவிவிடும்.

ஜிலேபி என்று சொன்னதும் நினைவு வருகிறது, பல ஏரிகளில் இரையை முடிவு செய்வது கெண்டையே அல்ல, ஜிலேபிதான். 1952இல் இந்தியாவுக்கு வந்த மீன். இன்று அது இல்லாத ஏரி குறைவு. மாவு போட்ட இரண்டாவது நிமிஷமே முள் காலியாக வந்தால் மாவை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. இரையின் அளவையும் கடினத்தையும் கூட்டுங்கள். இரண்டு சோள மணி, அதுவும் போனால் ஒரு முழுக் கொண்டைக்கடலை. சின்ன வாய்க்கு அது அடங்காது.

மண்புழு எல்லாக் காலத்திலும் மீன் தரும், ஆனால் எந்த மீன் என்று உத்தரவாதம் கிடையாது. கெளுத்தி, ஜிலேபி, விலாங்கு எல்லாம் வரும். புது மழைக்குப் பின் கால்வாய்த் தண்ணீர் கலங்கலாக ஏரிக்குள் விழுகிற இடத்தில் மட்டும் கெண்டைக்குப் புழுவை முதலில் வைப்பேன். அந்தத் தண்ணீரே புழுக்களை அடித்துக்கொண்டு வரும், மீனுக்கும் அது தெரியும். ரொட்டியையும் சும்மா ஒதுக்காதீர்கள். 1952இல் ரிச்சர்ட் வாக்கர் இங்கிலாந்தின் ரெட்மையர் குளத்தில் 44 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ சாதாக்கெண்டையைப் பிடித்தது ரொட்டியில்தான். நம் ஊரில் புல்கெண்டை இருந்தால் மிதக்கும் ரொட்டித் துண்டு நன்றாக எடுபடும். வெள்ளிக்கெண்டைக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள். அது மிக நுண்ணிய பாசியை வடிகட்டித் தின்னும் மீன், சாதாரண இரைக்கு வருவது அபூர்வம்.

முள்ளைப் பொறுத்தவரை எண் கூடக்கூட அளவு குறையும் என்பதை நினைவில் வைத்துக் கடைக்குப் போங்கள். தக்கைக்கு 8 அல்லது 10, ஒற்றை முள்ளுக்கு 6. வாங்கியதும் முனையை நகத்தில் லேசாக வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் திருப்பிக் கொடுங்கள்.

இப்போது உங்கள் தண்ணீருக்கு எது? கோடையில் வற்றுகிற ஏரி, குத்தகைக்காரர் மூன்று வகைக் குஞ்சும் விட்டிருக்கிறார் என்றால் தக்கையும் கெட்டி மாவும் வாங்குங்கள், ரீலுக்குச் செலவழிக்க வேண்டாம். வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கிற பெரிய ஏரியோ அணையோ என்றால் மீன் வளர நாள் கிடைத்திருக்கும். அங்கே ரீல் கட்டாயம். கட்லா தண்ணீருக்கு மேல் முதுகைக் காட்டிப் புரள்வதைக் கண்டால் தக்கைக்குக் கீழே இரண்டு முள் ஸ்பிரிங், இல்லையென்றால் தரையில் ஒற்றை முள். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஏரிகளில் யோசிக்கவே வேண்டாம். 1939இல் இலங்கையிலிருந்து கண்ணாடிக் கெண்டையைக் கொண்டுவந்து விட்டது நீலகிரியில்தான். அங்கே குளிர் தாங்கி நிலைத்தது சாதாக்கெண்டை. ஒற்றை முள்ளும் சோளமும்தான் அதற்கு. மார்கழிக் குளிரில் மட்டும் ஒரு மணியோ ஒரு புழுவோ போதும். குளிர்ந்த தண்ணீரில் அது குறைவாகத்தான் தின்னும். அங்கே வெயில் ஏறிய பிறகு போங்கள். சமவெளியில் கோடை என்றால் நேர் எதிர், வெயிலுக்கு முன்னும் பொழுது சாயும் நேரமும்.

எந்த முறையானாலும் அறுந்த தங்கூசியைக் கரையில் விட்டு வராதீர்கள். நீர்க்காகத்தின் காலில் அது சுற்றிக்கொண்டதை ஒரு தடவை பார்த்தால் பிறகு மறக்காது.

இன்னமும் முடிவுக்கு வர முடியவில்லையா? எதையும் வாங்காதீர்கள். ஒரு கிலோ மக்காச்சோளத்தை மட்டும் வேகவைத்து, மூன்று நாள் மாலை ஏரியில் ஒரே இடத்தில் இரண்டு கை போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்து பாருங்கள். தரை மேய்கிற கெண்டை வந்தால் சேறு கலங்கும், பொடிப் பொடியாகக் குமிழிகள் கொத்துக் கொத்தாக மேலே வரும், நகர்ந்துகொண்டே போகும். மூன்றாம் நாள் அந்தக் குமிழி தெரிந்தால் ரீல் வாங்கப் போகலாம்.